ஹக்கா வீட்டு முதல் தூண்

கடலுக்கு அந்தப் பக்கம், ஃப்ரீசியர் நாட்டில், துறவிகளுக்குத் தச்சு வேலை செய்துகொண்டிருக்கும் என் தம்பி தில்பெர்ட்டுக்கு, ஹக்கா கூட்டத்து மில்த்வின் அக்கா எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் என் மகள் சில்லேயும் சுகம். நீயும் உன் உளியும் சுகமாக இருக்க வேண்டும். இதை உனக்குப் படித்துச் சொல்லும் துறவி அவர்களுக்கும் என் வணக்கம். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளட்டும். மடத்துக் கன்னியரிடம் நான் எழுதப் படித்தது கல்யாணத்துக்கு முன்னால். அதற்குப் பிறகு இந்தக் கை பிடித்ததெல்லாம் திரிகையும் தறியும்தான்.

பெரிய செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர் நகரப் போகிறது.

நகர்வது நமக்குப் புதிது இல்லை. தூண்களின் கால் மண்ணுக்குள் அழுகியதும் ஒட்டுப்போட்டுக்கொண்டு கிடக்காமல் பக்கத்தில் புது வீடு கட்டுவோம். அதன் கால் அழுகியதும் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இப்படியே அப்பா காலத்தில் ஆற்றோரச் சரளை மேட்டின் கிழக்கு முனையில் இருந்த ஊர் இன்று மேற்கு முனைக்கு வந்து நிற்கிறது. ஆடு மேய்வதுபோல மெதுவாக மேய்ந்து வந்திருக்கிறோம். ஊர்ப் பெயர் மட்டும் கூடவே வருகிறது. எங்கே போய் உட்கார்ந்தாலும் அது நம் மூதாதை ஹக்காவின் பெயரால் ஹக்கா ஊர்தான்.

இந்தத் தடவை ஆற்றை விட்டே போகிறோம், வடக்கே காக்கை மேட்டுக்கு. இரண்டு வசந்தமாக வெள்ளம் தறி போட்டிருக்கும் நெசவுக் குழிகளுக்குள் புகுந்துவிட்டது. கீழ் நிலம் இளைத்துப்போய் பார்லி முழங்காலைத் தாண்டுவதில்லை. மன்னர் நம் நிலத்தை மடத்துக்கு எழுதிக் கொடுத்ததிலிருந்து மடத்துத் தலைவிக்கும் ஒரு யோசனை. மேட்டிலிருக்கும் கனத்த களிமண்ணை எட்டு மாடு பூட்டிய ஏரால் உழ வேண்டுமாம். அதற்கு வீடுகள் கண்ட இடத்தில் சிதறிக் கிடக்காமல் வரிசையாக நிற்க வேண்டுமாம். மேட்டில் எங்கே என்று ஆண்கள் ஈஸ்டர் முழுவதும் வாதாடி, கடைசியில் காஞ்சொறிச் செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மண் அங்கே கறுப்பாக, கொழுப்பாக இருக்கிறது. மனிதன் கால் படாத மண், ஆண்டவர் நமக்கென்று ஒதுக்கி வைத்தது என்று ஊர்த் தலைவர் டுட்டா அண்ணன் கண்ணீர் விடாத குறையாகச் சொன்னார்.

போன கடிதத்தில் நீ சொல்லி அனுப்பியதை இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன். அங்கே கடலோரத்தில் யாரும் நகர்வதில்லை, வீடு அழுகினால் அதே இடத்தில் சாணியும் களிமண்ணும் கொட்டி மேலே இன்னொரு வீடு, ஊரே மேடாக உயர்ந்துகொண்டு போகிறது என்றாய். நம் முன்னோர் அந்தக் கரையிலிருந்து படகேறியவர்கள்தானே. அங்கே மேலே மேலே போனவர்கள் இங்கே வந்ததும் ஏன் பக்கவாட்டில் போக ஆரம்பித்தார்கள்? இடம் நிறைய இருந்ததாலா? அல்லது ஒரு தடவை கிளம்பிய கால் பிறகு நிற்காதா? அங்குள்ள பெரியவர்களைக் கேட்டு எழுது. சும்மா "தெரியாது" என்று எழுதாதே. உனக்கு எப்போதும் அந்தப் பழக்கம்.

சில்லேயும் என்னை மாதிரிதான், கேட்டுக்கொண்டே இருப்பாள். போன மாதம் அவளை உப்பு வாங்க ஆற்றின் கீழ்ப்பக்கம், பாழடைந்த கல்கோட்டை வரை கூட்டிப்போனேன். திரும்பும் வழியெல்லாம், "மழையில கரையாத செவுரு அங்க சும்மா நிக்குது. நாம ஏம்மா மரத்த வெட்டி நட்டு, அழுக விட்டு, மறுபடி வெட்டிக்கிட்டு கெடக்கோம்?" என்று நச்சரித்தாள். டுட்டா அண்ணனிடம் கேள் என்றேன். அவர், "அது ராட்சசங்க கட்டுனது. அவங்களுக்கே ஒத்துவராம போட்டுட்டுப் போன வீட்டுல நமக்கு என்ன வேலை?" என்றார். பிள்ளை விடவில்லை. "நாமளும்தான் போட்டுட்டுப் போறோம்" என்றாள். அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்.

இனி இந்தக் கடிதம் எழுதிய காரணம்.

நம் வழக்கம் உனக்குத் தெரியும். புது இடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் முதல் தூண், வாசல் தூண். வீட்டு ஆண் தன் இடுப்புக் கத்தியைக் குழிக்குள் போட்டு, அதன் மேல் தூணை இறக்கி, ஊர் கூடி மண்ணை மிதித்து முடிக்கும் வரை தனியாகத் தாங்கிப் பிடிக்க வேண்டும். எவன் கத்தி அடியில் கிடக்கிறதோ அவன் வீடு. வீடு உள்ளவனுக்கே ஏரில் பங்கு, வயலில் ஒரு நிலப் பட்டை. என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. மகன் இல்லை. நான் கைம்பெண், சில்லே பெண். கத்தி போட ஆள் இல்லாத வீடு வேறொரு வீட்டோடு சேர வேண்டும். எந்த வீடு என்று நான் சொல்லவும் வேண்டுமா? பெரியப்பா மகன், ஊர்த் தலைவர், டுட்டா அண்ணன் வீடு.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன். வீட்டுக்கு வந்து, மோர் குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, "நான் என்ன செய்ய முடியும் தங்கச்சி, ஹக்கா செஞ்சபடிதானே நாம செய்யணும். என் வீட்டுல மேப்பக்கம் அடுப்புக்குப் பக்கத்துலயே படுத்துக்கலாம். ஒனக்கு என்ன கொறை வெக்கப் போறேன்?" என்றார். குறை ஒன்றும் வைக்க மாட்டார். காலம் முழுக்க அவர் மனைவியின் மாவை நான் அரைப்பேன், அவ்வளவுதான். சில்லேயை யாருக்குக் கொடுப்பது என்பதும் அவர் அடுப்படியில் முடிவாகும்.

ஆகவே தம்பி, அறுவடை முடிந்து வரும் மிக்கேல் திருநாளுக்குள் வந்து என் தூணைப் பிடி. பிடித்துவிட்டுத் திரும்பப் போனாலும் சரி. உன் கத்தி அடியில் கிடந்தால் வீடு நிற்கும். தானியம் ஏற்றும் படகு லண்டன்துறையிலிருந்து, புது மாவில் ரொட்டி சுடும் ரொட்டித் திருநாளுக்குப் பிறகும் ஓடுமாம், விசாரித்துவிட்டேன். ஆண்டவர் உன் கையையும் காலையும் காப்பாராக. காலைக் கொஞ்சம் சீக்கிரமாக இந்தப் பக்கம் திருப்புவாராக.

உன் அக்கா,
மில்த்வின்

*

தில்பெர்ட்டுக்கு, மில்த்வின் எழுதுவது. சுகம். உன் சுகத்தையும் அப்படியே வேண்டுகிறேன், கோபத்தோடுதான்.

உன் பதில் உப்புக்காரர்களோடு வந்து சேர்ந்தது. தேவாலயக் கூரை இன்னும் மூடவில்லை, குளிருக்குள் மூட வேண்டும், துறவிகள் விடமாட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். சரி. அதே கடிதத்தில் நீ சாப்பிடும் வீட்டுக்காரியின் மீன் கஞ்சியைப் பற்றி எத்தனை வரி எழுதியிருக்கிறாய் என்று உனக்கே தெரியுமா? கூரைக்கு ஒரு வரி, கஞ்சிக்கு ஐந்து வரி. அவள் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. நம் பக்கத்து வீட்டு துன்னேவுக்குப் படித்துக் காட்டினேன். "ஒன் தம்பி அங்கேயே தூணை நட்டுட்டான்டி" என்று தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. உன்னிடமும் பேசியிருக்க மாட்டேன், ஆனால் இங்கே ஒன்று நடந்துவிட்டது. அதைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

ரொட்டித் திருநாள் முடிந்ததும் காக்கை மேட்டில் காஞ்சொறியை வெட்டி, மேல்மண்ணைச் சீவினார்கள். அடியில் மஞ்சள் களிமண். நாங்கள் பெண்கள் கூழும் பார்லிக் கள்ளும் சுமந்துகொண்டு போனோம். போன இடத்தில் ஆண்கள் எல்லோரும் மண்வெட்டியைப் பிடித்தபடி சும்மா நின்றார்கள். மஞ்சள் களிமண்ணில் கறுப்பாக வட்டம் வட்டமாக இருந்தது. ஒன்று, இன்னொன்று, வரிசையாக. மழைக்குப் பிறகு அந்த வட்டங்கள் மட்டும் ஈரம் காயாமல் இன்னும் கறுத்துத் தெரிந்தன.

நீ தச்சன், உனக்கு விளக்க வேண்டியதில்லை. தூண் குழிகள். தூண் போய்விட்டது, குழிக்குள் விழுந்த மேல்மண் மட்டும் மிச்சம்.

எனக்கோ உள்ளங்கால் அரித்தது. கூழ்ச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு அந்த வட்டங்களின் வரிசையோரமாக நடந்தேன். ஓர் இடத்தில் வரிசை விட்டுப்போய், இரண்டு பெரிய வட்டங்கள் அருகருகே. வாசல் என்று தெரிந்தது. நம் வீடுகள் எல்லாம் இரண்டு சதுரத்தை ஒட்டவைத்த நீளம்தானே, நீள்பக்கத்தின் நடுவில் வாசல், நேர் எதிரே இன்னொரு வாசல். அந்த வாசலில் நின்று எதிரே பார்த்தேன். அதே போல இரண்டு பெரிய வட்டங்கள். அப்படியானால் அடுப்பு கிழக்கே கொஞ்சம் தள்ளி இருக்க வேண்டும். நம் வீட்டில் இருட்டில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவதுபோல நடந்து போய், இங்கேதான் என்று குதிகாலால் கிளறினேன். செங்கல் நிறத்தில் சுட்ட மண் வந்தது.

தம்பி, என் உடம்பு எப்படிச் சிலிர்த்தது என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. யார் என்றே தெரியாத ஒருத்தியின் அடுப்பு அது. ஆனால் அவள் வீட்டுக்குள் எனக்கு வழி தெரிகிறது.

துன்னேதான் முதலில் வாயைத் திறந்தாள். "மனுசன் கால் படாத மண்ணுன்னீங்களே டுட்டா, இது கோழி காலா?" என்றாள். அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். நெசவுக் குழி ஒன்று கிடைத்தது, அதன் தரையில் பாவு நூலில் தொங்கவிடும் தறிக் குண்டுகள் வரிசை கலையாமல். வளையம் மாதிரி, நாம் செய்வதே மாதிரி, கொஞ்சம் பெரியது. ஒரு சட்டித் துண்டில் அப்பா வீட்டுப் பானைகளில் இருக்கும் அதே நட்சத்திர முத்திரை. ராட்சசர் இல்லை, நமக்கு முன்பு இங்கிருந்த வேல்சுக்காரர் இல்லை, நாம்தான். ஹக்கா படகில் வந்து முதலில் இறங்கிய ஊர் ஆற்றங்கரையில் எங்கோ என்று நம் கதை சொல்கிறது. ஆற்றங்கரை முழுவதும் நாம் உழுதாகிவிட்டது, அது கிடைத்ததே இல்லை. இது அந்த ஊராகத்தான் இருக்க வேண்டும். கொழுத்த மண், காஞ்சொறி எல்லாம் நம் பாட்டன்மார் கொட்டிய சாணியும் சாம்பலும். நம் பழைய நிலத்தையே ஆண்டவர் ஒதுக்கிவைத்த நிலமென்று எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

டுட்டா அண்ணன் முகம் மட்டும் வெளுத்துவிட்டது. "அப்ப ஏன் விட்டுட்டுப் போனாங்க?" என்றார். கேள்வி சரியானதுதான், அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கொள்ளை நோயா, கெட்ட தண்ணீரா, ஏதாவது சாபமா என்று அன்று மாலையே பேச்சு வளர்ந்தது. இந்த இடமே வேண்டாம், மேட்டின் மறுபக்கம் போகலாம் என்று பாதிப் பேர்.

எனக்கு அந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது. மறுநாளும் போனேன், அதற்கடுத்த நாளும். தீப்பிடித்த தடயம் எங்கேயும் இல்லை. அவசரத்தில் ஓடிய வீடென்றால் பாத்திரம் பண்டம் கிடக்கும், கனத்த தறிக் குண்டுகளைத் தவிர அதுவும் இல்லை. நீ இருந்திருந்தால் உடனே கண்டுபிடித்திருப்பாய், எனக்கு இரண்டு நாள் பிடித்தது. குழிகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கின்றன. தூண் அழுகி விழவில்லை, பக்கத்தில் தோண்டி, அசைத்து, நல்ல மரமாகப் பார்த்து உருவி எடுத்துப் போயிருக்கிறார்கள். சாவு துரத்தினால் எவன் நின்று தூணைப் பிடுங்குவான்? இன்னொரு பழைய நெசவுக் குழியைச் சாம்பலும் உடைந்த சீப்பும் போட்டு மூடி, மேலே ஒரு பசுவின் தலையை வைத்திருக்கிறார்கள். வீடு விட்டுப் போகும்போது நாம் இன்றும் திருட்டுத்தனமாகச் செய்வதுதான். (துறவி அவர்கள் இந்த இடத்தில் இருமிக்கொள்ளட்டும்.) நம்மைப்போலவே, பதறாமல், வீட்டுத் தூணின் கால் அழுகத் தொடங்கியதும் கிளம்பிய ஜனங்கள்.

இதை ஊரில் சொன்னேன். பாதிக்குப் பாதி நம்பினார்கள். டுட்டா அண்ணன் இன்னும் தயங்குகிறார். வாசல் தூண் குழிகளின் அடியைத் தோண்டிப் பார்த்தால் யார் எவரென்று தெரியும், முன்னோர்தான் என்று உறுதியானால் பயமில்லை என்கிறார். தோண்டப் போகிறார்கள். என் தூணுக்கோ ஆள் இல்லை. அண்ணன் ஏற்கெனவே என் இரண்டு மாட்டையும் தன் மாட்டோடு பூட்டிப் பார்த்துவிட்டார், நன்றாக இழுக்கின்றனவாம்.

உன் மேல் கோபம் அப்படியே இருக்கிறது. ஆனாலும் ஆண்டவர் உன்னைக் கூரையிலிருந்து விழாமல் பார்த்துக்கொள்ளட்டும். அந்தப் பெண்ணின் பெயரை எழுது.

மில்த்வின்

*

என் தம்பி தில்பெர்ட்டுக்கு, புதிய வீட்டிலிருந்து உன் அக்கா மில்த்வின். ஆம், புதிய வீட்டிலிருந்து. சுவரில் பூசிய மண் இன்னும் காயவில்லை, இந்தக் கடிதத் தோலில் ஒரு மூலை ஈரமாகி மை ஊறிவிட்டது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், குறுக்கே யோசிக்காமல் கேள்.

வாசல் குழிகளைத் தோண்டும் அன்று ஊரே மேட்டில் கூடியது. நடுவில் இருக்கும் பெரிய வீடு, நான் அடுப்பைக் கண்டுபிடித்தேனே அது, ஹக்காவின் வீடாகத்தான் இருக்கும் என்று டுட்டா அண்ணன் முடிவு செய்துவிட்டார். அதைக் கடைசியாக வைத்துக்கொண்டு சுற்றியிருந்த சின்ன வீடுகளை முதலில் தோண்டினார்கள். ஒன்றில் கத்தி, துருப்பிடித்துக் கட்டியாக. அடுத்ததிலும் கத்தி. ஜனங்களுக்குக் கண் கலங்கிவிட்டது. நம் வழக்கம், நம் ஆட்கள். அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒவ்வொரு விருந்திலும் சொல்வாரே, அந்த வமிசக் கதையை ஆரம்பித்துவிட்டார். மூன்று படகில் வந்த ஹக்கா, ஆற்றை எதிர்த்துத் துடுப்புப் போட்ட ஹக்கா, ஒற்றைக் கையால் முதல் தூணை நட்ட ஹக்கா. "அவர் செஞ்சபடிதான் நாம செய்யறோம், செய்வோம், ஒரு மயிரிழை மாற மாட்டோம்" என்று முடித்துவிட்டு, பெரிய வீட்டுக் குழியில் தானே இறங்கினார்.

வெகு நேரம் குனிந்தே இருந்தார். எழுந்தபோது கையில் பச்சை பிடித்த வெண்கலம். அவர் அதை மண்ணோடு சேர்த்து மூடிக்கொள்ளப் பார்த்தார் என்று துன்னே சத்தியம் செய்கிறாள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கையைத் திறந்துதான் காட்டினார். சாவி. ஒரு வளையத்தில் இரண்டு சாவி, நீண்ட தண்டு, அடியில் வளைந்த பல். கூடவே ஒரு நீலப் பாசிமணி.

எந்த ஆண் இடுப்பில் சாவி கட்டுகிறான் தம்பி? உன் இடுப்பில் உண்டா? அப்பா இடுப்பில் இருந்ததா? பெட்டிச் சாவி என்றைக்கும் வீட்டுக்காரியின் இடுப்பில்தான்.

அப்புறம் துன்னே, தனக்குள் பேசிக்கொள்வதுபோல, ஆனால் கடைசி ஆள் வரை கேட்கும்படி, "ஹக்கா பாவம், இடுப்புல சாவியக் கட்டிக்கிட்டே படகு ஓட்டிருக்காரு" என்றாள். யாரோ ஒருவர் களுக்கென்றார். பிறகு அடக்க முடியவில்லை. மடத்திலிருந்து வந்திருந்த பாதிரியார்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணன் விடவில்லை. மேலேயிருந்து விழுந்திருக்கும் என்றார். தூண் நிற்கும் குழியின் அடியில் எப்படி விழும் என்று கேட்டார்கள். மனைவியின் சாவியை ஹக்கா வாங்கிப் போட்டிருப்பார் என்றார். அப்போதுதான் நான் பேசினேன். ஊர்க்கூட்டத்தில் வாழ்நாளில் முதல் தடவை. "சுத்தி இருக்குற வீட்டுல எல்லாம் ஆம்பளைங்க அவங்கவங்க கத்தியப் போட்ருக்காங்க. கத்தி இருக்குற ஒருத்தர் பொண்டாட்டி சாவியக் கேட்டு வாங்கிப் போடுவாரா அண்ணே? கத்தி போட ஆள் இல்லாத வீடா இருந்திருக்கு. சாவி இருந்தவ போட்ருக்கா. நட்டவ அவ. அந்த வீடுதான் இந்த ஊருக்கே பெரிய வீடு. யாரும் அவள இன்னொருத்தர் அடுப்புக்கிட்ட போய்ப் படுக்கச் சொல்லல."

சொல்லி முடிக்கும் வரை சில்லே என் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், யார் யாரைத் தாங்கினோம் என்று தெரியாது.

ஹக்கா வழியிலேயே செத்துப்போய் அவர் மனைவி வந்து நட்டாளா, ஹக்கா என்பதே ஒரு பெண்ணின் பெயரா, மூன்று படகு உண்மையா, ஒரு படகும் வராமல் ஏற்கெனவே இங்கிருந்தவர்களில் ஒருத்தியா, ஒன்றும் தெரியாது. அந்தப் பாசிமணி மாதிரி நம்மிடத்தில் யாரும் பார்த்ததில்லை, வேல்சுக்காரர் பக்கம் உண்டு என்கிறார்கள். இதை நினைத்துக்கொண்டே நான் பல நாள் தூங்கவில்லை. தெரியாததில் இவ்வளவு சுகம் இருக்குமென்று இதற்கு முன் நான் கண்டதில்லை. விருந்தில் அண்ணன் இனி கதையை எங்கிருந்து ஆரம்பிப்பார் என்றுதான் எல்லோருக்கும் ஆவல்.

அண்ணன் குழியின் ஓரத்தில் உட்கார்ந்து சாவியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருக்கு வேறு இடம் போகலாம் என்று சொல்ல வழி இருந்தது, இதைப் பார்க்காத மாதிரி மூடிவிடவும் வழி இருந்தது. ஆனால் மனிதர் தன் முன்னோரை உண்மையாகவே நேசிப்பவர். எழுந்து, "ஹக்கா வீட்டுல செஞ்சபடிதான் செய்யணும்னு நாந்தான் சொன்னேன். சொன்ன வாயாலயே இதையும் சொல்றேன். மில்த்வின் தன் தூணைத் தானே நடட்டும். தாங்கிப் பிடிக்க முடியலன்னா அப்புறம் பேசிக்கலாம்" என்றார். அந்தக் கடைசி வாக்கியம் அவருக்கு ஆறுதல். அதை அவருக்கு விட்டுக்கொடுத்தேன்.

மிக்கேல் திருநாளுக்கு முந்தின வாரம் நட்டேன். காக்கை மேட்டு ஓக் மரம், நீ பார்த்தால் கணு அதிகம் என்று முகம் சுளிப்பாய். குழியில் என் சாவியைப் போட்டேன். தூணை இறக்கியதும் எல்லோரும் கையை எடுத்துவிட்டார்கள். தோளைக் கொடுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். சுற்றி ஊரே மண்ணை மிதித்தது. அண்ணன்தான் எல்லோரையும்விட வேகமாக மிதித்தார், வேண்டுமென்றே நீட்டுகிறாரோ என்று பயந்த எனக்கு, நான் தாங்கும் நேரத்தைக் குறைக்கத்தான் என்று புரிந்தபோது அழுகை வந்துவிட்டது. தோள் இன்னும் நீலமாக இருக்கிறது. தூண் நிற்கிறது. என் மாடுகள் என்னிடம் இருக்கின்றன, எட்டு மாட்டு ஏரில் எனக்குப் பங்கு எழுதியாகிவிட்டது.

கீழே போய் என் பழைய நெசவுக் குழியை மூடினேன். சாம்பல், உடைந்த குண்டுகள், அம்மாவின் பல் போன சீப்பு. மேலே வைக்க மாட்டுத்தலை கிடைக்கவில்லை, துன்னே ஓர் ஆட்டுத்தலை கொடுத்தாள். பாதிரியார் கேட்டால் குப்பை. (இருமல் போதும் துறவி அவர்களே.) நாம் போன பிறகு, பல காலம் கழித்து, நம் பிள்ளைகளின் பிள்ளைகள் மண் கொழுப்பாக இருக்கிறது என்று அங்கே வந்து இறங்குவார்கள். ஒருத்தி நடந்து வந்து என் அடுப்பைக் குதிகாலால் கிளறுவாள். அவளுக்கு என்னைத் தெரியாது, ஆனால் வழி தெரியும். அதை நினைத்தால் ஊர் நகர்வது எனக்கு இப்போது துக்கமாகவே இல்லை.

உன் கடிதம் நேற்று வந்தது. அவள் பெயர் ரெய்ன்வா என்று ஒரு வழியாக எழுதிவிட்டாய். வயிற்றில் பிள்ளை இருப்பதையும் கஞ்சிக்குள் ஒளிக்காமல் சொல்லிவிட்டாய். நல்லது. நம் ஆட்கள் கிளம்பி வந்த கரைக்கே திரும்பிப் போய் ஒருவன் குடியேறியிருக்கிறான், யார் சிரிக்க மாட்டார்கள்? நான் சிரித்தேன். கொஞ்சம் அழுதேன். அவளுக்கு என் ஆசீர்வாதம். பிள்ளைக்குக் குளிர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல். வெள்ளம் எட்டாத உயரத்தில் உங்கள் மேடு இருக்கட்டும், இன்னும் உயரட்டும்.

உன்னை அழைக்க எனக்கு இதுவரை நல்ல காரணம் இருந்தது. தூணைப் பிடிக்க வா என்று எழுதினேன். இப்போது தூண் நிற்கிறது. சாவியைக் குழியில் போட்டபோது, அது அம்மாவின் பெட்டிச் சாவி, உன் சின்ன வயதுச் சட்டை அதற்குள்தான் இருக்கிறது, திறக்க முடியவில்லை, தச்சன் நீதான் வர வேண்டும் என்று எழுதலாமா என்று யோசித்தேன். டுட்டா அண்ணன் முந்தாநாளே ஆப்பு வைத்துத் திறந்து கொடுத்துவிட்டார். சட்டையை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன், பிறக்கப் போகும் பிள்ளைக்கு.

ஆகவே தம்பி, என்னிடம் ஒரு காரணமும் மிச்சமில்லை. காரணம் இல்லாமலே கேட்கிறேன், வா. எங்கே என்று தேட வேண்டாம். ஆற்றங்கரையில் படகை விட்டு இறங்கி வடக்கே பார்த்து மேடேறு. நீள்பக்கத்தின் நடுவில் வாசல், எதிரே வாசல், கிழக்கே கொஞ்சம் தள்ளி அடுப்பு. நான் தூங்கிக்கொண்டிருந்தாலும் உனக்கு வழி தெரியும்.

ஆண்டவர் உங்கள் மூவரையும் காப்பாராக.

ஹக்கா ஊர், காக்கை மேடு,
வீட்டுக்காரி மில்த்வின்